தண்டையார்பேட்டையிலேர்ந்து ‘உயிர் காலேஜ்’: 82 வயசு ஆயாவோட கார்ல போக எந்த ரோடு நல்லது?

ஹார்பர்கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனா எங்க வீட்ல இதுக்கு ரெண்டு வாரமா பஞ்சாயத்து ஓடுது, அதான் இங்க கொண்டாந்து வெக்கிறேன்.

எங்க ஆயாவுக்கு 82 வயசு, அம்மாவோட அம்மா. எங்க தாத்தாவுக்கு மூர் மார்க்கெட்டுல குடை ரிப்பேர் கடை. கடைன்னா பெருசா நெனைக்காதீங்க, ஒரு ஸ்டூலு, ஒரு தகரப் பொட்டி, மேல கட்டின கோணி. ஆயா பழைய வண்ணாரப்பேட்டையிலேர்ந்து தூக்குல சோறு எடுத்துக்கினு மின்ட், வால்டாக்ஸ் ரோடு வழியா நடந்தே போவும். தாத்தா சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருந்த ஜூவுல போய் உக்காந்துக்கும். எங்கம்மா நடை பழகினதே கொரங்குக் கூண்டு முன்னாடிதான்னு இன்னிக்கும் சொல்லும்.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், மெட்ராஸ்ல அதுக்குப் பேரு ஜூ கெடையாது, ‘உயிர் காலேஜ்’. எக்மோர் மியூசியம் ‘செத்த காலேஜ்’. போன மாசம் என் பையன் (நாலாவது படிக்கிறான்) வண்டலூர் போலாம்னு அடம் புடிச்சப்போ ஆயா வெத்தலைய இடிக்கிறத நிறுத்திட்டு, “இன்னாடா, உயிர் காலேஜா? நானும் வரேன்”ன்னுச்சு. வண்டலூருக்கு மாறிப் போச்சுன்னு அதுக்குத் தெரியும், இதுவரைக்கும் போனதில்ல. யாரும் கூட்டினு போல. எனக்கே கொஞ்சம் வெக்கமாதான் இருந்துச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். வண்டி பழைய வேகன் ஆர், எங்கூட்டுக்காரர் ஓட்டுவாரு. நான், ஆயா, அம்மா, பசங்க ரெண்டு பேரு. பொண்ணு ரெண்டாவது படிக்குது, மடியில உக்காந்துக்கும். ஆயாவுக்கு வலது முட்டி மடங்காது, அதனால முன் சீட்டுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ பாத்ரூம் போயாகணும். ரோடு விஷயத்துல மூணு கட்சி இருக்கு:

எங்கூட்டுக்காரர் வெளிவட்டச் சாலைங்கறாரு. மீஞ்சூர்லேர்ந்து வண்டலூருக்கு ஒரே கோடு, சிக்னலே கெடையாதாம். என் தம்பி சிட்டிக்குள்ளயே போங்கறான், பீச், மவுன்ட் ரோடு, கிண்டி, ஜிஎஸ்டி ரோடுன்னு. அவன் பைக்குல போறவன், அவனுக்கென்ன. அம்மா மட்டும் மாதவரம் பைபாஸ்னு சொல்லுது, ஏன்னு கேட்டா “எல்லாரும் சொல்றாங்க”ன்னுது.

நான் பாரீஸ் கார்னர்ல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல கணக்கு எழுதறவ. எனக்கு வழியை விட நேரமும் காசும்தான் முக்கியம், அதுக்கும் மேல ஆயா முட்டி. போனவங்க யாராவது சொல்லுங்க: எந்த ரோடு, என்னிக்கு போறது, உள்ள ஆயா நடக்காம சுத்திப் பாக்க முடியுமா? போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழம மாமல்லபுரம் போனப்போ வண்டி சூடாகி ரோட்டோரம் ஒன்றரை மணி நேரம் நின்னோம். அந்த அனுபவம் திரும்ப வேணாம்.

---

மீஞ்சூர்ட்ரெய்லர்:

அக்கா, நான் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டறவன். வெளிவட்டச் சாலைய தெனம் பாக்கறேன். மாமாகிட்ட சொல்லுங்க, ரோடு நல்ல ரோடுதான், குத்தமே சொல்ல முடியாது, மொத்தம் 62 கிலோமீட்டர். ஆனா அது எனக்கு நல்ல ரோடு, உங்களுக்கு இல்ல.

ஏன்னா நீங்க தண்டையார்பேட்டை. தெக்கால இருக்கற வண்டலூருக்குப் போக மொதல்ல வடக்கால மீஞ்சூர் வருவீங்களா? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல எங்க வண்டிங்க நிக்கற வரிசைய பாத்திருப்பீங்க. ஒரு நாள் கேட் பாஸ் லேட்டானா நாங்க டீ குடிச்சு, குளிச்சு, தூங்கியே எழுந்துருவோம். அதுக்கு நடுவுல வேகன் ஆர்ல ஆயாவ உக்கார வெச்சுட்டு ஹார்ன் அடிச்சுக்கினு இருக்கப் போறீங்களா? செங்குன்றம் தாண்டியும் வெளிவட்டச் சாலை ஏறலாம்தான், ஆனா அவ்ளோ தூரம் போனவங்க அதுக்கு முன்னாடியே பைபாஸ் ஏறிட்டா வேலை முடிஞ்சுது.

இன்னொண்ணு, வெளிவட்டச் சாலையில கடை கண்ணி கம்மி. பங்க்கும் அப்படித்தான். எங்களுக்கு ஓரமா நிறுத்திட்டு எறங்கினா போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்ரூம் போற வயசானவங்கள கூட்டினு அந்த ரோட்டுல போகாதீங்க.

உங்கம்மா சொன்னதுதான் கரெக்ட். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா. நேரா போயி புழல்ல பைபாஸ் ஏறுங்க. அங்கேர்ந்து பெருங்களத்தூர் வரைக்கும் 32 கிலோமீட்டர், வழியில ஒரு சிக்னல் இல்ல. சூரப்பட்டு, வானகரம் ரெண்டு எடத்துல டோல். போரூர் ஏரிய ரோடு நடுவுல வெட்டிக்கினு போகும், மழை பேஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் தண்ணி, பசங்களுக்கு அந்த எடத்த காட்டுங்க. பெருங்களத்தூர்ல ஜிஎஸ்டி ரோட்டுல எறங்கினதும் இடது பக்கமாவே ஒட்டிக்கினு போங்க. ஜூ இடது பக்கம்தான். வலது பக்கம் ரயில்வே ஸ்டேஷன். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்ததுக்கு அப்புறம் வெள்ளி சாயங்காலமும் ஞாயிறு சாயங்காலமும் அந்த எடம் திருவிழா, அத மட்டும் தவிர்த்துடுங்க.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ட மட்டும் நான் கேரண்டி குடுக்க மாட்டேன். அது கடவுள் கையில.

---

ஒன்பதரைலோக்கல்:

பீச் ஸ்டேஷன்ல செங்கல்பட்டு லோக்கல் ஏறினா வண்டலூர் ஸ்டேஷனுக்கு எதுக்க ஜூ. டிக்கெட் காசு ஒரு டீ காசு. இதுக்கு எதுக்குங்க காரு, டோலு?

---

ஹார்பர்கணக்கு:

@ஒன்பதரைலோக்கல் அண்ணா, தனியா போனா நானும் அதான் செய்வேன். ஸ்டேஷன்லேர்ந்து ஜிஎஸ்டி ரோட்ட தாண்ட படி ஏறி எறங்கணும். ஆயா எங்க வீட்டு வாசப்படி மூணு ஏறவே நடுவுல ஒரு முருகா சொல்லும்.

@மீஞ்சூர்ட்ரெய்லர் தம்பி, ரொம்ப தேங்க்ஸ். அம்மா இத படிச்சுட்டு ரெண்டு நாளா மாப்பிள்ளைய பாத்து சிரிச்சுக்கினு இருக்கு.

---

பெரம்பூர்லோகோ:

தங்கச்சி, பாதை பற்றி தம்பி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் ஆயாவைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பெரம்பூர் லோகோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்து உயிர் காலேஜுக்குத்தான் அழைத்துப் போவார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்கள் பையன் கேட்பான், சொல்லுங்கள். இரண்டு காலேஜும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் இருந்தார். உயிரோடு புலியும் சிறுத்தையும் வைத்தால் கூட்டம் அள்ளுகிறது என்று கண்டுகொண்டு 1855இல் மியூசியம் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை தொடங்கினார். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களையும் வாங்கிவிட்டார். இந்தியாவிலேயே இப்படிப் பொதுமக்களுக்காகத் தொடங்கியதில் மூத்தது இதுதான் என்பார்கள். இடம் போதாமல் போகவே 1861இல் மிருகங்களை சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டு போனார்கள். பாடம் செய்த மிருகங்கள் எழும்பூரிலேயே தங்கிவிட்டன. செத்தது அங்கே, உயிரோடு இருப்பது இங்கே. ஜனங்கள் எவ்வளவு சுருக்கமாகப் பெயர் வைத்துவிட்டார்கள் பாருங்கள்!

மூர் மார்க்கெட் அதற்குப் பிறகுதான் வந்தது, 1900இல். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, முயல், எல்லாம் கிடைக்கும். வெளியே குந்தியிருந்த குடை ரிப்பேர்க்காரர்களும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் ஒருவர் உங்கள் தாத்தாவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. சாயங்காலம் மார்க்கெட்டுக்குள் நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிங்கம் உறுமும். கடைக்காரர்கள் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள், வெளியூர்க்காரர்கள்தான் துள்ளிக் குதிப்பார்கள்.

இரண்டும் போனது ஒரே வருஷம். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அடுத்த ஜூலை 24இல் எம்.ஜி.ஆர். வண்டலூர் பூங்காவைத் திறந்து வைத்தார். சில வருஷம் முன்பிருந்தே மிருகங்களை மாற்றும் வேலை நடந்து கொண்டிருந்தது. இருந்தாலும் எங்களுக்கு இரண்டும் ஒரே இழவு போலத்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் கண்ணில் இருப்பது கூண்டு. கையை நீட்டினால் கம்பி, கம்பிக்குப் பின்னால் மிருகம், அதன் மூச்சுக்காற்றே மேலே படும். வண்டலூர் அப்படியில்லை. 602 ஹெக்டேர் காடு. பல மிருகங்களுக்கும் நமக்கும் நடுவில் கம்பி இல்லை, அகழிதான். மிருகத்துக்கு நல்லது. ஆனால் மத்தியானம் புலி புதருக்குள் படுத்துவிட்டால் நீங்கள் புதரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். நான் என் மனைவியை முதன்முதலில் அழைத்துப் போனபோது “காட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்” என்று கேட்டாள். காலையிலேயே போய்விடுங்கள்.

---

கொடுங்கையூர்டீச்சர்:

பெரியவர் சொன்னதெல்லாம் படிக்க நல்லா இருக்கு, ஆனா நான் நாப்பத்தஞ்சு புள்ளைங்கள ஸ்கூல் டூர் கூட்டிட்டுப் போய் எல்லாரையும் எண்ணி திருப்பிக் கொண்டாந்தவ. எனக்குத் தெரிஞ்ச நடைமுறைய சொல்றேன்.

செவ்வாய்க்கெழம லீவு. இத தெரியாம வந்து கேட்டோட திரும்பிப் போற குடும்பம் ஒண்ணாவது எப்பவும் இருக்கும். சனி, ஞாயிறு வேணவே வேணாம். காணும் பொங்கல பத்தி பேசவே வேணாம், அன்னிக்கு மிருகங்க நம்மள பாக்கும். வார நாள்ல பசங்களுக்கு ஒரு நாள் லீவு சொல்லிட்டுப் போங்க, டீச்சராவே சொல்றேன், ஒண்ணும் ஆகாது.

பேட்டரி கார் இருக்கு, பெரியம்மாவுக்கு அதுதான். ஆனா நீங்க உள்ள போனதும் வெள்ளப்புலி எங்கன்னு ஓடாம மொதல்ல பேட்டரி கார் டிக்கெட்டுக்குதான் நிக்கணும். பத்தரை மணிக்கு மேல அந்த க்யூ உங்க கொருக்குப்பேட்டை கேட் மாதிரி. 2023 ஜூலையில ரேட் எல்லாம் ஏத்தினாங்க, பெரியவங்களுக்கு நொழைவு 115 இருந்தது 200 ஆச்சு. கேட்ல வீல்சேர் கேட்டுப் பாருங்க, பேட்டரி கார் நிக்காத எடத்துக்கு உதவும்.

பிளாஸ்டிக் கவர், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பைய தொறந்து பாப்பாங்க. சோறு எடுத்துட்டுப் போறதா இருந்தா ஸ்டீல் டப்பா. அப்புறம் கூண்டுல இல்லாத கொரங்கு நெறைய இருக்கு, அதுங்கதான் உண்மையான ஆபத்து. எங்க நாலாம் கிளாஸ் பையன் ஒருத்தன் கையிலேர்ந்து லெமன் சாதத்த டப்பாவோட தூக்கிட்டு மரத்துல ஏறி, மூடிய தொறந்து, வேர்க்கடலைய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு சாதத்த எங்க தலையில கொட்டிச்சு ஒண்ணு. பையன் அழல, “மிஸ், அதுக்கு மூடி தொறக்கத் தெரியுது மிஸ்”னான். அந்த வருஷம் அவன் கத்துக்கிட்ட ஒரே அறிவியல் அதுதான்.

ரொம்ப தூரம்னு தோணிச்சுன்னா மாதவரம் தாவரவியல் பூங்கா பக்கத்துலயே இருக்கு. ஆனா உங்க ஆயா கேக்கறது செடி இல்லயே.

---

ஹார்பர்கணக்கு:

போயிட்டு வந்துட்டோம். கேட்டுட்டு காணாம போற ஆளு நான் இல்ல, கணக்க ஒப்படைக்கிறேன்.

வியாழக்கெழம போனோம். காலைல ஏழு இருபதுக்கு வீட்ட விட்டு கெளம்பினோம். கொருக்குப்பேட்டை கேட் தொறந்திருந்துச்சு! எங்கூட்டுக்காரர் ஸ்டியரிங்க தொட்டு கும்புட்டாரு. மூலக்கடை மேம்பாலம், ரவுண்டானா, புழல் பைபாஸ் வரைக்கும் வெண்ணெய் மாதிரி போச்சு. சூரப்பட்டு டோல்ல மெஷின் ‘பீப்’னு ஒரு சத்தம் போட்டுச்சு, கம்பி தூக்கல. ஃபாஸ்டாக்ல காசு இல்ல. நான் ஆபீஸ்ல கோடிக்கணக்குல டியூட்டி கணக்கு எழுதறவ, சொந்த வண்டியில 37 ரூவாதான் பேலன்ஸ். பின்னாடி ஒரு தண்ணி லாரி ஹார்ன் அடிச்ச அடியில ஆயா திரும்பி, “இன்னாய்யா, ஒன் தண்ணி கெட்டாப் போயிடும்?”னு கேட்டுச்சு. போன்ல காசு ஏத்தி நகர்றதுக்குள்ள பதினோரு நிமிஷம். தம்பி, நீ டோல் ரெண்டுன்னு சொன்ன, காசு வெச்சுக்கோன்னு சொல்லல, பரவால்ல.

போரூர் ஏரியில தண்ணி இருந்துச்சு. பசங்க ஜன்னல்ல மூஞ்ச வெச்சுக்கிட்டாங்க. எட்டே முக்காலுக்கு ஜூ வாசல்ல நின்னோம், நடுவுல ஒரு பங்க்குல ஆயாவ பாத்ரூம் கூட்டினு போனதும் சேத்து.

இனிமேதான் கூத்து. கேட்ல பைய தொறந்து காட்டச் சொன்னாங்க. டீச்சர் சொன்ன மாதிரி எல்லாம் ஸ்டீல் டப்பாதான், பெருமையா தொறந்து காட்டினேன். அப்போ செக்யூரிட்டி அம்மா ஆயா கையில இருந்த மஞ்சப் பைய காட்டி, “இது இன்னா பாட்டி?”ன்னுச்சு. எனக்கே தெரியாது. உள்ள அரைக்கிலோ வேர்க்கடலை, வறுத்தது, பேப்பர்ல மடிச்சு. மொத நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொண்ண அனுப்பி எம்.சி.ரோட்டுல வாங்கியாந்திருக்கு.

“கொரங்குக்கு, யானைக்கு” அப்படின்னுச்சு ஆயா, எதோ ரேஷன் கார்டு காட்டற மாதிரி.

மிருகத்துக்கு எதுவும் குடுக்கக் கூடாது பாட்டின்னு அந்தம்மா பொறுமையா சொன்னாங்க. ஆயா விடல. “உயிர் காலேஜுக்கு வந்துட்டு கடலை குடுக்காம போறதா? அதுங்க இன்னா நெனைக்கும்? வெறுங்கையோட ஒருத்தங்க ஊட்டுக்குப் போவியா நீ?” பின்னாடி க்யூவுல நின்னவங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில எங்கூட்டுக்காரர் பைய கார்ல கொண்டு போய் வெச்சுட்டு வந்தாரு. ஆயா பத்து நிமிஷம் யார்கிட்டயும் பேசல.

பேட்டரி கார் க்யூவுல மொதல்ல போய் நின்னதுக்கு டீச்சருக்குத்தான் நன்றி சொல்லணும். ஆறாவது ஆளா ஏறிட்டோம். ஆயாவ டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சோம், காலை நீட்டிக்கலாம். முன்னாடி இருந்த கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிச்சு. வண்டி சத்தமே போடாம நகர்ந்ததும், “இன்னாப்பா, பெட்ரோல் வாசனையே இல்ல”ன்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டுச்சு. அதுக்கு அப்புறம் அந்தத் தம்பி எங்களுக்கு ஓட்டினாரா, ஆயாவுக்கு ஓட்டினாரான்னு தெரியல. ஒவ்வொரு எடத்துலயும் “பாட்டி, இங்க பாருங்க”தான்.

புலி, பெரம்பூர் பெரியவர் சொன்ன மாதிரியே, புதர். வெள்ளப்புலி வால் நுனி மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு, பையன் அதையே எட்டு போட்டோ எடுத்தான். சிங்கவால் கொரங்கு அம்மாவுக்குப் புடிச்சுது. ஒரு எடத்துல ‘ஓட்டேரி ஏரி’ன்னு போர்டு. ஆயாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படிச்சுட்டு, “ஓட்டேரிய பாக்கறதுக்கா ஓட்டேரி தாண்டி இவ்ளோ தூரம் வந்தோம்?”னு கேட்டுச்சு. டிரைவர் தம்பிக்குப் புரியல, அவரு ஊரு மதுராந்தகம் பக்கமாம். புளியந்தோப்பு பக்கத்துல எங்களுக்கு ஒரு ஓட்டேரி இருக்குதுன்னு நான் வெளக்கினேன்.

நீர்யானை கிட்டதான் நின்னோம். நெஜமாவே நின்னோம், அடுத்த வண்டியில வரேன்னு ஆயா எறங்கிடுச்சு. ரெண்டு நீர்யானை தண்ணிக்குள்ள முழுகி, மூக்கும் காதும் மட்டும் வெளிய. ஒண்ணு காத ஒதறிச்சு. ஈரத்துணிய ஒரு தடவ ஒதறினா வருமே, அந்தச் சத்தம். ஆயா கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு நின்னுக்கினு பேசாம பாத்துச்சு. கால் வலிக்குதா ஆயான்னு கேட்டேன், பதில் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு எழுந்து வாயத் தொறந்துச்சு. உள்ள ரோஸ் கலரு, ஓரத்துல மஞ்சப் பல்லு, கட்ட வெரல் ரெண்ட சேத்த தடிமன்ல. தண்ணி வாயோரமா கொழகொழன்னு வழிஞ்சுது. பொண்ணு என் புடவைக்குப் பின்னாடி ஒளிஞ்சுடுச்சு.

ஆயா சொல்லிச்சு: “உங்க தாத்தா இப்டிதான் கொட்டாவி வுடுவாரு. கடையில கிராக்கி இல்லாதப்போ.”

அம்மா சிரிச்ச சிரிப்புல பக்கத்துல நின்ன குடும்பமே திரும்பிப் பாத்துச்சு. தாத்தா சாகும்போது எனக்கு மூணு வயசு. அவர பத்தி எனக்குத் தெரிஞ்சது சுவத்துல மாட்டியிருக்கற படம் மட்டும்தான், அதுல வாய் மூடித்தான் இருக்கும்.

சஃபாரி போகல. வெயிலு ஏறிப் போச்சு, பதினொன்னரைக்கு க்யூ வாசல் வரைக்கும் வந்துடுச்சு. பையன் அழுதான், ஐஸ்கிரீம்ல முடிஞ்சுது. மரத்தடியில உக்காந்து புளிசாதம் சாப்ட்டோம், டீச்சரோட கொரங்கு எங்களுக்கும் வந்துச்சு. ஆனா ஆயா கைத்தடிய தரையில ஒரு தட்டு தட்டினதும் போயிடுச்சு. கடலை இருந்தா குடுத்திருக்கலாம்னு அதுக்கு ஒரு மொனகல் வேற. பாத்ரூம் சுமாரா சுத்தமா இருந்துச்சு, ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் தூரம் ஜாஸ்தி. வீல்சேர் எடுத்தது அதுக்குத்தான் உதவிச்சு.

திரும்பறப்போ பைபாஸ்ல திரும்ப இண்டிகேட்டர் போட்டாரு. ஆயா, “சென்ட்ரல் வழியா போ”ன்னுச்சு. ட்ராஃபிக்கா இருக்கும் ஆயான்னாரு. “போ”ன்னுச்சு. சரின்னு தாம்பரம், கிண்டி, மவுன்ட் ரோடு. என் தம்பி கட்சி கடைசியில அரை மார்க் வாங்கிடுச்சு. வழி முழுக்க ஆயா அந்த மஞ்சப் பைய மடியில வெச்சுக்கினு ஒவ்வொரு கடலையா உரிச்சு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு பசங்களுக்கு, ரெண்டு அதுக்குன்னு பங்கு வெச்சுது. கார் பூரா தோலு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு வீட்டுக்கு, காலைல ஆனத விட முக்கா மணி நேரம் ஜாஸ்தி.

சென்ட்ரல் சிக்னல்ல சிவப்பு விழுந்துச்சு. புறநகர் ஸ்டேஷன் கட்டடத்த காட்டி ஆயா என் பையன்கிட்ட சொல்லிச்சு, “தோ, அங்கதான் ஒன் கொள்ளுத்தாத்தா கடை. அதுக்குப் பின்னால சிங்கம்.” அவன் அந்தக் கட்டடத்தையே உத்துப் பாத்தான். “எங்க, ரிசர்வேஷன் கவுண்டர்லயா?”ன்னு கேட்டான். பச்ச விழுந்துடுச்சு.

கேட்டவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன்: வடசென்னைக்காரங்க போறதுக்கு பைபாஸ், காசு ஏத்தின ஃபாஸ்டாக்கோட. வரும்போது உங்க ஆயா சொல்ற வழி.

இன்னொரு கேள்வி இருக்கு, புது இழை போடாம இங்கயே கேட்டுடறேன். நேத்து ராத்திரி ஆயா, “செத்த காலேஜ் இன்னும் அங்கதானே இருக்குது?”ன்னு கேட்டுச்சு. எக்மோர் மியூசியம் வெள்ளிக்கெழம லீவுன்னு மட்டும் தெரியும். அந்தப் பழைய கட்டடத்துக்குள்ள படி ஏறாம வீல்சேர்ல எது வரைக்கும் போலாம்? சமீபத்துல போனவங்க யாராவது சொல்லுங்க. அங்க கடலை பிரச்சனை வராதுன்னு நெனைக்கிறேன்.